நிலாவெளியில ரூமும் போட்டும் வச்சிருக்கிறம், கஸ்டமருக்குப் பதில் சொல்லி முடியேல்ல

நிலாவெளிப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு நாலு ரூமும் புறாத்தீவுக்கு ஆக்களை ஏத்துற ஒரு போட்டும் இருக்கு. அப்பா போட், அம்மா சமையல், நான் ஒன்லைன் புக்கிங். மூண்டு பேருக்கும் மூண்டு நம்பர், ஆருக்கு கோல் வந்தாலும் அவை ஓம் எண்டு சொல்லிடுவினம். பொசன் லீவுக்கு ஒரே ரூமை அம்மா கண்டி ஆக்களுக்கும் நான் ஒன்லைன்லயும் குடுத்திட்டம், ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு வானும் வாசல்ல. எங்கட அறையைக் குடுத்திட்டு நாங்கள் விறாந்தையில படுத்தம், அப்பிடி இருந்தும் "ஆரோட கதைக்கிறதெண்டே தெரியேல்ல" எண்டு ரெண்டு ஸ்டார் ரிவியூ. சொஃப்ட்வெயர் ஏதும் வாங்குவமோ?

உப்புவெளி அக்கா:
தம்பி காசை வச்சிருங்கோ, நாங்களும் ஒண்டு வாங்கி ஒரு சீசனோட விட்டிட்டம். ஒரு சீஆர் கொப்பி (தடிச்ச மட்டை போட்ட பெரிய கொப்பி) வாங்கி ஒரு நாளுக்கு ஒரு பக்கம் விட்டு நாலு ரூமுக்கும் போட்டுக்கும் கோடு அடியுங்கோ, கொப்பியைப் பாக்காம ஆரும் ஓம் சொல்லக்கூடாது, "பத்து நிமிசத்தில எடுக்கிறன்" எண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். ஒன்லைன்ல வாறதையும் உடன அதில எழுதோணும். பிறகு ஒரே நம்பர், வாட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கோ, அது சும்மா கிடைக்குது, ஒரு நம்பரை இன்னும் நாலு டிவைஸ்ல லிங்க் பண்ணலாம். அட்வான்ஸ் போட்ட ஆக்கள், கேட்டுட்டுப் போன ஆக்கள் எண்டு லேபிளும் குத்தலாம்.

வவுனியாவான்:
நான் கஸ்டமர் பக்கத்தில இருந்து சொல்றன் கோவிக்காதேங்கோ. போன வருசம் ஒரு இடத்தில (உங்கட இல்ல) போட்டுக்கு ஒரு விலை சொன்னாங்கள், சரியெண்டு வந்தம், கரையில நிக்கேக்க தான் வனஜீவராசிகள் திணைக்கள டிக்கெட் வேற எண்டு சொல்றாங்கள். புறாத்தீவு தேசியப் பூங்கா, டிக்கெட் இருக்கும் தான், அந்தக் காசு போட்காரருக்குப் போறதில்ல எண்டும் தெரியும், ஆனா பிள்ளையளும் மாஸ்க்குமா நிக்கேக்க கேட்டா ஏமாத்தின மாதிரித் தான் இருக்கும். முதல் மெசேஜிலயே போட்டுக்கு இவ்வளவு, டிக்கெட் தனி, வெளிநாட்டு ஆக்களுக்கு வேற ரேட் எண்டு எழுதுங்கோ. மற்றது இந்த "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" கதையை விடுங்கோப்பா, அதைக் கண்டாலே நான் அடுத்த பேஜுக்குப் போயிடுவன்.

கிண்ணியா மச்சான்:
அவர் சொல்றது சரி. நான் ஹார்ட்வெயார் கடை, ஆனா பிரச்சின ஒண்டுதான். அதே விலை மெசேஜை தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் குவிக் ரிப்ளையா சேவ் பண்ணி வைங்க, கட்டச் சொல்லு ஒண்டு அடிச்சா முழுசா வந்துரும். சிங்களத்தை மட்டும் தெரிஞ்ச ஆள்ட்ட காட்டி திருத்துங்க, நான் கூகுளை நம்பிப் போட்டு கடையே சிரிச்சிச்சு. கடல் சரியில்லாட்டி உங்கட வாப்பாவ, ஆக்கள் கரைக்கு வரும் வரைக்கும் பாத்துட்டிருக்காம விடியவே மெசேஜ் போடச் சொல்லுங்க, வேற நாளா காசு திருப்பியா எண்டு அதுலயே கேளுங்க. அந்த ரெண்டு ஸ்டாருக்கு சண்டை போடாதீங்க. பிழை எங்கட, ரூம் ரெண்டு தரம் குடுபட்டுட்டு, இனி ஒரே நம்பர்தான் எண்டு ரெண்டு வரி போதும், அடுத்த ஆள் வாசிக்கிறது அதத்தான்.

நிலாவெளிப்பெடியன்:
நன்றி எல்லாருக்கும். அம்மா ஓம் எண்டிட்டா. அப்பா தான் கொப்பி எதுக்கு எல்லாம் மண்டைக்க இருக்கு எண்டுறார் 😅

உப்புவெளி அக்கா:
எங்கட வீட்டிலயும் அதே மண்டை தான். போட் சாவி தொங்குற ஆணியிலயே கொப்பியையும் கட்டி விடுங்கோ, பேனையை நூலில கட்டோணும், இல்லாட்டி ரெண்டு நாளில காணாமப் போயிடும்.

நிலாவெளிப்பெடியன்:
கட்டியாச்சு அக்கா. அப்பா முதல் பக்கத்தில எண்ணெய்க் கணக்கு எழுதி வச்சிருக்கிறார், புக்கிங் இன்னும் எழுதேல்ல.