முன் ஹப்பை லாக் செய்தால் மட்டும் கீச் சத்தம்: டிரான்ஸ்ஃபர் கேஸ்தானா?

மண்ரோடு எழுதியது:

டபுள் கேப் டீசல் பிக்கப், 1,40,000 கி.மீ. ஓடியது. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், லீவர் போட்டு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி), முன் சக்கரங்களில் கையால் திருகும் லாக்கிங் ஹப் (லாக் செய்தால் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டோடு சேரும், ஃப்ரீயில் தனியாகச் சுற்றும்). டயர் 245/70 ஆர்16, ஆக்சில் ரேஷியோ 4.1.

ஹப் இரண்டும் ஃப்ரீயில் இருக்கும்போது 2எச்-ல் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) எந்தச் சத்தமும் இல்லை. லாக் செய்தால், லீவர் 2எச்-லேயே இருந்தாலும், 10 கி.மீ. வேகத்திலிருந்து அடியில் 'கீச் கீச்' என்று தாளம் போட ஆரம்பிக்கிறது. வேகம் கூடினால் தாளமும் கூடுகிறது. 50-க்கு மேல் காற்றுச் சத்தத்தில் கேட்பதில்லை. நியூட்ரலில் உருளவிட்டாலும் சத்தம் அப்படியே இருக்கிறது. இது போக, 4எச் (நான்கு சக்கரத்துக்கும் விசை) போட்டு மலைப்பாதை வளைவில் திரும்பினால் முன்பக்கம் 'கிரீச்' என்கிறது, ஸ்டீயரிங்கும் இறுகுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரிக்கணும் என்கிறார்கள். பிரிக்கும் முன் என்னென்ன பார்க்கலாம்?

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:

கேஸை இறக்க வேண்டாம், பொறுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சத்தம்.

வளைவில் வரும் 'கிரீச்' பழுதே இல்லை. பார்ட் டைம் அமைப்பில் முன், பின் ஆக்சிலுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (சுற்று வித்தியாசத்தை ஈடுகட்டும் கியர் அமைப்பு) கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றி வரவேண்டும். காய்ந்த தார் ரோட்டில் அந்த வித்தியாசம் எங்கேயும் தீராமல் ஷாஃப்டில் முறுக்காக ஏறும், கடைசியில் டயர் தேய்ந்து கத்தும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்குவதால் அது தெரியாது. காய்ந்த தாரில் 4எச் போடாதீர்கள், அவ்வளவுதான். நேர் ரோட்டிலும் இறுகினால் டயர் தேய்மானத்தைப் பாருங்கள். டயர் பட்டனின் உயரம் முன்னால் 8 மி.மீ., பின்னால் 3 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 31 மி.மீ. வித்தியாசம்.

இனி கீச். ஹப் ஃப்ரீயில் சத்தம் இல்லை என்றாலே பாதி வேலை முடிந்தது. வீல் பேரிங், டிஸ்க், பிரேக் பேட், டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகடு எல்லாம் ஹப் எப்படி இருந்தாலும் சக்கரத்தோடு வேலை செய்பவை. அவை கத்தினால் எப்போதும் கத்தும். நியூட்ரலிலும் வருவதால் எஞ்சின் பெல்ட், கிளச் பேரிங்கையும் விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது ஹப் லாக் ஆனபின் சுற்றுபவை மட்டும்: ஆக்சில் ஷாஃப்ட், அதன் ஸ்பிண்டில் புஷ், முன் டிஃபரன்ஷியல், அதை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் முன் புரோப்பல்லர் ஷாஃப்ட்.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. உங்கள் டயரின் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர். 10 கி.மீ. வேகத்தில் 10 நொடிக்குச் சக்கரம் 12 சுற்று சுற்றும். புரோப்பல்லர் ஷாஃப்ட் 4.1 மடங்கு, அதாவது 48 சுற்று. மதில் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டாம் கியரில் சீராக உருட்டுங்கள். சுவரில் பட்டு எதிரொலிப்பதால் சத்தம் தெளிவாகக் கேட்கும். போனில் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். ஸ்பீடோமீட்டர் ஒன்றிரண்டு கி.மீ. கூடக் காட்டினாலும் 12-ஐயும் 48-ஐயும் குழப்பிக்கொள்ள முடியாது.

12 வந்தால் ஸ்பிண்டில் புஷ் காய்ந்திருக்கும், அல்லது ஆக்சில் ஷாஃப்ட் பக்கம். 48 வந்தால் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுற்றும் சிலுவை மூட்டு).

கிரீஸ்கன் எழுதியது:

ஸ்பேனர் அண்ணா, கடைசி வரி கொஞ்சம் அவசரம். 48 என்றால் கிராஸ் மட்டும் இல்லை. டிஃபரன்ஷியல் பினியனும் (ஷாஃப்ட் சுற்றுற சின்ன கியர்) அதே வேகத்தில்தான் சுற்றும். பினியன் ஃபிளாஞ்சில் இருக்கும் மெல்லிய தூசித்தகடு கல்பட்டு மடங்கி ஹவுசிங்கில் உரசினாலும் சுற்றுக்கு ஒரு கீச். டிரான்ஸ்ஃபர் கேஸையும் முழுசா விடுதலை செய்ய முடியாது. ஹப் லாக் ஆனால் 2எச்-லயும் முன் சக்கரம் ஷாஃப்ட் வழியா கேஸோட முன் அவுட்புட்டைச் சுத்தும். நிறைய வண்டியில செயினும் சேர்ந்து சுத்தும்.

அதனால முன் புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. இரண்டு முனையிலும் ஃபிளாஞ்சும் நுகமும் (கிராஸைப் பிடிக்கிற கவை) சேரும் இடத்தில பெயிண்டால கோடு போட்டுக்குங்க, மாறிப் போனா பேலன்ஸ் கெடும். ஒரு முனைக்கு பெரும்பாலும் 4 போல்ட். ஷாஃப்ட் முனை கேஸுக்குள்ள சொருகுற மாதிரி இருந்தா மட்டும் எண்ணெய் கொட்டும், மூடி வையுங்க. ஹப்பை லாக் பண்ணி 2எச்-ல அதே இடத்தில ஓட்டுங்க. சத்தம் இருந்தா பினியன் பக்கம். போயிட்டா ஷாஃப்ட் அல்லது கேஸோட அவுட்புட் பேரிங்.

அடியில படுக்கிறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்க. டிரான்ஸ்ஃபர் லீவர் N-க்குப் பதிலா 2எச்-ல இருக்கட்டும். கேஸ் நியூட்ரல்ல இருந்தா மெயின் கியர் போட்டு வெச்சாலும் வண்டி உருளும். இதுல ஏமாந்தவங்க நிறைய பேர்.

கழட்டின ஷாஃப்டை கையில வெச்சு ஒவ்வொரு கிராஸையும் இரண்டு திசையிலும் மடக்குங்க. நல்ல கிராஸ் வழுவழுன்னு ஒரே இறுக்கமா போகும். நடுவுல 'டக்'னு பள்ளத்தில உட்கார்ற மாதிரி இருந்தாலோ, கப் (கிராஸ் முனையை மூடுற ஊசி பேரிங்) ஓரத்தில செந்தூள் இருந்தாலோ அதுதான் ஆள். WD-40 அடிச்சா சத்தம் போகுதேன்னு விட்டுடாதீங்க. அது இருக்கிற கிரீஸையும் கழுவிட்டுப் போயிடும், இரண்டு நாள்ல திரும்ப வரும்.

கடல்தாண்டி எழுதியது:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறுக்குக் குறிப்பு. வேக்குவத்தில் இயங்கும் ஹப் இருந்தால் கதை வேறு. 2004 மாடலிலிருந்து வந்த பல ஃபோர்டு எஃப்-150 ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் வேக்குவம்தான் ஹப்பை விடுவித்து வைக்கிறது. ஹோஸ் வெடித்தாலோ, செக் வால்வு பிடிக்காவிட்டாலோ 2எச்-லேயே பல் அரைகுறையாகச் சேர்ந்து 'கரகர' என்று அரைக்கும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டு வேக்குவம் குறைவதால் அப்போது அதிகம் கேட்கும். தாளம் போடும் கீச் அல்ல, அரைக்கும் சத்தம். கை பம்பால் வேக்குவம் கொடுத்து, முள் இறங்காமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மண்ரோடு எழுதியது:

எண்ணினேன்: 10 நொடியில் ஒருமுறை 47, மறுமுறை 46. ஷாஃப்டைக் கழற்றி, ஹப் லாக்கில் ஓட்டினால் சத்தம் அறவே இல்லை. டிஃபரன்ஷியல் பக்கத்துக் கிராஸ் ஒரு திசையில் கட்டுக்கட்டாகச் சிக்குகிறது, இரண்டு கப்பின் ஓரத்தில் செந்தூள். கேஸ் பக்கத்துக் கிராஸ் நன்றாக மடங்குகிறது. அவுட்புட் ஃபிளாஞ்சைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை, கையால் சுற்றினால் கரகரப்பும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? கிரீஸ் நிப்பிள் இரண்டிலும் இருக்கிறது.

கிரீஸ்கன் எழுதியது:

கேஸைத் தொடவே வேண்டாம். கிராஸ் இரண்டையும் மாத்திடுங்க, ஒரே வயசுதானே. வாங்கப் போகும்போது பழசைக் கையில கொண்டு போங்க. கப்போட வெளி விட்டத்தையும், கப்-டு-கப் நீளத்தையும் வெர்னியர்ல அளந்து பாருங்க, கப்பைப் பிடிக்கிற லாக் வளையம் உள்பக்கமா வெளிப்பக்கமான்னும் பாருங்க. அரை மி.மீ. வித்தியாசத்தில வேற வண்டி கிராஸ் வரும், உட்காராது.

வைஸ்ல ஒரு பக்கம் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே விழுற அளவு பெரிய சாக்கெட் வெச்சு அழுத்தினா பழைய கப் வந்துடும். புதுசு ஏத்தும்போது ஊசி ரோலர் ஒண்ணு சரிஞ்சு கப் அடியில குறுக்கா படுத்துடும், அதுதான் வழக்கமான சொதப்பல். லாக் காடிக்கு ஒரு மி.மீ. முன்னாடியே நின்னுடுச்சுன்னா சுத்தியலால அடிக்காதீங்க. கப்பைத் திரும்ப எடுத்து ஊசியை கிரீஸ்ல ஒட்ட வையுங்க. நிப்பிள் கன் நுழையுற பக்கம் பார்த்து இருக்கட்டும். லாக் நாலும் உட்கார்ந்ததும் கிராஸ் இறுக்கமா இருந்தா நுகத்தோட காதில லேசா தட்டுங்க, விட்டுக்கொடுக்கும்.

நடு ஸ்பிளைனை (ஷாஃப்ட் நீண்டு சுருங்குற பல் இணைப்பு) பிரிச்சா அம்புக்குறி நேரா சேரணும். குறி இல்லன்னா பிரிக்கிறதுக்கு முன்னாடியே கோடு போடுங்க. ஒரு பல் மாறினா கீச்சுக்குப் பதிலா அதிர்வு வரும்.

கிரீஸ் லித்தியம் ஈபி-2. கிராஸ்ல நாலு சீல் வழியாவும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிங்க. ஒரு கப்ல வரலன்னா ஷாஃப்டை ஆட்டிக்கிட்டே அடிங்க. ஸ்பிளைன் நிப்பிள்ல மட்டும் இரண்டு மூணு அழுத்து போதும். அதுல நிறைய திணிச்சா ஷாஃப்ட் சுருங்க இடமில்லாம, சஸ்பென்ஷன் ஏறும்போது கேஸ் பேரிங்கை இடிக்கும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எழுதியது:

பினியன் விஷயத்தில் கிரீஸ்கன் சொன்னது சரி, அதை விட்டுவிட்டேன்.

ஏன் முன் கிராஸ் மட்டும் போனது என்றால், ஹப் மாதக்கணக்கில் ஃப்ரீயில் இருந்ததாகத்தான் இருக்கும். ஷாஃப்ட் சுற்றாமல் ஒரே கோணத்தில் நிற்க, வண்டியின் அதிர்வில் ஊசிகள் ஒரே இடத்தில் அடித்து கிராஸ் முனையில் வரிவரியாகப் பள்ளம் போடும். தண்ணீரில் இறங்கினால் அந்தப் பள்ளத்தில் துரு. மாதம் ஒருமுறை இரண்டு ஹப்பையும் லாக் செய்து 2எச்-ல் 15 கி.மீ. ஓட்டுங்கள். டிஃபரன்ஷியல் மேல் பேரிங் வரை எண்ணெய் ஏறும், தாரில் முறுக்கும் ஏறாது. ஒரு ஹப் மட்டும் லாக் ஆகி மற்றது ஃப்ரீயில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையோடு முன் டிஃபரன்ஷியலின் லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள். வடிக்கும் பிளக்கை முதலில் திறக்காதீர்கள். மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் போனால் எண்ணெய் ஊற்ற வழி இருக்காது.