யன்னலைத் திறக்க வேண்டாம்: எங்கள் குடும்பக் குழு, ரொறன்ரோ, 28 ஜூன் 2023

சின்ன மாமி: எல்லாருக்கும் காலை வணக்கம். வெளியே பார்த்தீர்களா? வானம் முழுக்கச் சாம்பல் நிறம். அம்மம்மா நடக்க வெளிக்கிட்டுவிட்டா, வாசலில் மறித்து வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: பனிமூட்டமாக இருக்கும். இங்கே மார்க்கம் நகரில் எங்களுக்குப் புகை மணமே இல்லை. காடு எரிவது கியூபெக்கின் வடக்கில், அது இங்கே எப்படி வரும்?

தங்கச்சி: மாமா, அது புகைதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொன்றியலில் காற்று உலகத்துப் பெருநகரங்களிலேயே மிக மோசம் என்றார்கள். வெளி நீச்சல் குளங்களைக்கூடப் பூட்டிவிட்டார்கள். எனக்கு இன்னும் தொண்டை அரிக்கிறது.

மச்சான்: தூரம் ஒரு தடையே இல்லை மாமா. நெருப்பின் சூடு புகையைச் சில கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். அங்கே பலத்த காற்று. மழை கழுவாவிட்டால் நாட்கணக்கில் மிதக்கும், காற்று கீழிறங்கும் இடத்தில் நிலத்துக்கு வரும். இந்த மாத ஆரம்பத்தில் காட்டுத்தீக்காகச் சனத்தை வெளியேற்றிய கியூபெக் நகரம் ஷிபுகமோ இங்கிருந்து நேர்கோட்டில் 700 கிலோமீட்டருக்கு மேல். 7ஆம் திகதி நியூயோர்க் வானம் செம்மஞ்சளானதும் கியூபெக் புகையால்தான். இப்போது அட்லாண்டிக்கைக் கடந்து போர்த்துக்கல், ஸ்பெயின் வரை போய்விட்டது.

பெரிய மாமா: அப்படியென்றால் மணம் ஏன் வரவில்லை?

மச்சான்: மணம் தரும் வாயுக்கள் வழியிலேயே சிதைந்து குறைந்துவிடும், நுண்துகள்கள் மிஞ்சும். பிஎம் 2.5 என்று சொல்வது அதைத்தான். தலைமுடித் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். மூக்கை நம்பாமல் அரசின் காற்றுத்தரச் சுட்டெண்ணைப் பாருங்கள். 7 வந்தால் ‘உயர்’ ஆபத்து, 10ஐத் தாண்டினால் ‘மிக உயர்’.

சின்ன மாமி: அம்மம்மா சொல்கிறா, “ஊரில் விறகடுப்புப் புகையில் எத்தனை வருஷம் சமைத்தனான், இது என்ன பெரிய புகையோ” என்று.

நான்: மாமி, அந்தப் புகையெல்லாம் பட்ட நெஞ்சு என்பதால்தான் எனக்கு இன்னும் பயம். ஆஸ்துமாவும் இருக்கிறது. இன்று அம்மம்மா வாசல் தாண்டவே வேண்டாம். வேண்டுமென்றால் வீட்டுக்குள் நடக்கட்டும், நான் போனில் கதைத்துக்கொண்டிருக்கிறேன். யன்னல் எல்லாம் பூட்டு. ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காதபடி வைக்க வேண்டும்.

சின்ன மாமி: சரி பிள்ளை. சாமியறையில் சாம்பிராணி போடலாமா?

நான்: இன்று வேண்டாம் மாமி. மீன் பொரிக்கவும் வேண்டாம். வாக்யூம் போட்டால் அடங்கிக் கிடக்கிற தூசியும் கிளம்பும்.

தம்பி: நான் கூரை வேலையில் நிற்கிறேன். துணி மாஸ்க்தான் இருக்கிறது. கண் எரிகிறது.

நான்: தம்பி, துணியும் சேர்ஜிக்கல் மாஸ்க்கும் போதாது, ஓரத்தால் உள்ளே வரும். நுண்துகளை வடிக்கும் என்95 மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுகூட முகத்தில் ஒட்டாது.

தம்பி: மேலாளரிடம் கேட்டேன், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்கிறார்.

மச்சான்: ஒன்ராறியோச் சட்டப்படி ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை உனக்கு உண்டு. முதலில் என்95 கேள். நெஞ்சு இறுகினால் இறங்கிவிடு. சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்.

பெரிய மாமா: தம்பி, எங்கே நிற்கிறாய்? கோவிட் காலத்து என்95 ஒரு பெட்டி இங்கே இருக்கிறது. கொண்டு வருகிறேன்.

தம்பி: பிராம்டனில். இடத்தை அனுப்புகிறேன் மாமா.

நான்: மாமா, காரில் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டு ஓட்டுங்கள்.

தங்கச்சி: காற்று சுத்திகரிப்பி இங்கே எல்லாக் கடையிலும் முடிந்துவிட்டது. நாங்கள் பெட்டி ஃபானின் பின்பக்கம் வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் போடும் ஃபில்டரை டேப்பால் சுற்றி ஒட்டினோம். ஓர் அறைக்கு நன்றாக வேலை செய்கிறது. அம்மம்மாவின் படுக்கையறையில் ஒன்று வைத்துக் கதவைச் சாத்துங்கள். பழைய ஃபான் வேண்டாம், சூடாகும்.

சின்ன மாமி: புது ஃபான் இருக்கிறது. அம்மம்மாவின் நீல இன்ஹேலர் முடியப் போகிறது, யாராவது எடுத்து வர முடியுமா?

பெரிய மாமா: தம்பியிடம் போய்விட்டு நான் எடுத்து வருகிறேன். ஃபில்டர் என்ன அளவு?

தங்கச்சி: 20க்கு 20 அங்குலம், வடிக்கும் தரம் மேர்வ் 13 என்று போட்டிருக்க வேண்டும். விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபானைப் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய மாமா: இரண்டு வாங்குகிறேன். ஒன்று எங்கள் வீட்டுக்கு.