பின்னி மில் பக்கத்துத் தெருப் படங்கள் யார்கிட்டயாவது இருக்கா?

சென்னையில பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு பக்கம் வளர்ந்தவங்க கொஞ்சம் உதவுங்க. பின்னி துணி மில் ஓடின காலத்துப் படங்கள் வேணும்: ஷிப்ட் விடுற நேரம், அடிபம்புக் குடவரிசை, தெருவுல கேரம் ஆட்டம். கல்யாண ஆல்பத்தையும் விட்டுடாதீங்க. மாப்பிள்ளைக்குப் பின்னாடிதான் தெருவே இருக்கும்.

செல்போன்ல எடுத்தா வெளிச்சம் பளிச்சுனு அடிக்கும். ஸ்கேனர்ல 600 டிபிஐ (எவ்வளவு நுணுக்கமா பதியணும்ங்கிற அளவு) வெச்சு எடுங்க. ஃபிரேம் கண்ணாடியில படம் ஒட்டியிருந்தா பிய்க்கவே பிய்க்காதீங்க, மேல்பூச்சு உரிஞ்சு கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தா அதையும் எடுங்க, வருஷம் கண்டுபிடிக்க அதுதான் துப்பு. வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா தரம் குறைஞ்சு கடைப் பலகை எழுத்தெல்லாம் மங்கிடும். தெருப் பேர் ஞாபகம் இருந்தா கூடவே எழுதுங்க.