மின்னஞ்சல் முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்து: ஏற்பதா, மாற்றுவதா?

கேள்வி: படிவப்பணி

வணக்கம். உறுப்பினர் பதிவுப் படிவம் ஒன்றைப் பராமரிக்கிறேன். முகவரியைச் சரிபார்க்கப் பழைய ரெகெக்ஸ் (எந்த எழுத்துகள் எந்த வரிசையில் வரலாம் என்று சொல்லும் விதி) ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர எது வந்தாலும் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பிவிடும். போன வாரம் ஒருவர், படிவம் தன் முகவரியை ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார். பார்த்தால், 'ஹோசே' என்ற பெயரின் கடைசி எழுத்து ஸ்பானிய மொழியில் வருவதுபோலத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஈ' எழுத்து.

குழுவில் ஒருவர், சேமிக்கும் முன் அந்தச் சாய்கோட்டை நீக்கிவிட்டு வெறும் 'ஈ' ஆக்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று விளக்கத் தெரியவில்லை. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் 8, அஞ்சல் போவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் வழியாக. நாளைக்கே முழுத் தமிழ் முகவரியோடு ஒருவர் வந்தால் என்ன செய்வது?

பதில்: நிரல்தோழி

முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள், அந்த முகவரிக்கு வேறு அஞ்சல் வருகிறதா என்று. கைபேசி விசைப்பலகை பெயரைத் 'திருத்தி'ச் சாய்கோடு போட்டுவிடுவது உண்டு. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நீக்குங்கள், தப்பில்லை. நடுவில் இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடாமல், எந்த இடத்தில் இருக்கிறது என்று பயனருக்குக் காட்டுங்கள்.

பதில்: அஞ்சல்தடம்

தயவுசெய்து அந்தச் சாய்கோட்டில் கைவைக்காதீர்கள். @-க்கு முன்னால் இருக்கும் பகுதிக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது பெறுகிற சர்வர் மட்டும்தான். சாய்கோடு உள்ள ஹோசேயும் இல்லாத ஹோசேயும் இரண்டு வேறு ஆட்களாக இருக்கலாம். நீக்கினால் இவருடைய கடவுச்சொல் மீட்பு இணைப்பு முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டிக்குப் போகும். 'தவறான முகவரி' என்று மறுப்பதே இதைவிட மேல். குறைந்தபட்சம் அவருக்கு விஷயம் தெரியும்.

@-க்குப் பின்னால் உள்ள டொமைன் கதை வேறு. அதைப் ப்யூனிகோடில் எழுதலாம், பிறமொழி எழுத்தை வெறும் ஆங்கில எழுத்து, எண், கோடுகளாக மாற்றும் முறை; 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடு வருமே, அது. 2003-லிருந்து இருக்கும் தரநிலை. எதையும் இழக்காமல் திரும்பப் பழைய எழுத்துக்கே கொண்டுவரலாம். சிலர் முன்பகுதியையும் ப்யூனிகோடாக்கிப் பார்க்கிறார்கள். அதற்குத் தரநிலையில் இடமே கிடையாது.

முன்பகுதிக்கான வழி 2012-இல் வந்த ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 6530 முதல் 6533 வரை. சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி உரையாடலில் எதிர்ச் சர்வர் தன் திறன்களை வரிசையாகச் சொல்லும்போது 'எஸ்எம்டிபியூடிஎஃப்8' என்ற வரி இருக்க வேண்டும். இருந்தால், 'மெயில் ஃப்ரம்' கட்டளையோடு அதே சொல்லைச் சேர்த்து முகவரியை அப்படியே யூடிஎஃப்-8-இல் அனுப்பலாம். இல்லையென்றால் அஞ்சல் அங்கேயே நின்று திரும்பிவிடும்; 5.6.7 என்ற குறியீட்டைப் பார்த்தால் காரணம் இதுதான். 2008-இல் வந்த சோதனை வடிவத்தில், வழியில் உள்ள சர்வரே முகவரியை ஆஸ்கிக்கு, அதாவது வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கு, இறக்கிக்கொள்ள ஏற்பாடு இருந்தது. 2012-இல் அதைக் கைவிட்டார்கள், நல்லதாயிற்று. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0-லிருந்து இந்த வசதி இருக்கிறது. 2014-லிருந்து ஜிமெயிலும் இத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறுகிறது.

தமிழ் முகவரிக்கு வருவோம். கொற்றவை@உதாரணம்.பரிட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்த டொமைன் 2007-இல், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு சோதனைக்கென்று திறந்த பதினொன்றில் தமிழுக்குரியது, இப்போது இயங்கவில்லை.) 'கொற்றவை' கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறிகள், யூடிஎஃப்-8-இல் 21 பைட். முன்பகுதியின் வரம்பு 64 பைட், எழுத்துக் கணக்கு அல்ல. நீளத்தைப் பைட்டில் எண்ணுங்கள்.

அதே 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒற்றைக் குறியாக, யூனிகோட் எண் 3018. அல்லது கொம்பு 3014, கால் 3006 என்று தனித்தனியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பைட்டில் இரண்டும் வேறு. சாய்கோட்டு 'ஈ'க்கும் இதே நிலைதான்: 233 என்று ஒரே குறியாக வரும், அல்லது 101-உம் பின்னாலேயே 769-உம். எனவே ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (முடிந்தவரை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) கொண்டுவாருங்கள். பயனர் தட்டியதைத் தரவுத்தள அட்டவணையில் தனிப் பத்தியில் அப்படியே வைத்திருங்கள்.

அப்புறம், ரெகெக்ஸைத் தூக்கிவிடலாம். @ ஒன்று இருக்கிறதா, இருபுறமும் ஏதாவது இருக்கிறதா, நீளம் சரியா, போதும். மீதியை உறுதிப்படுத்தும் அஞ்சலே சொல்லிவிடும். படிவத்தில் 'ஈமெயில்' வகைப் பெட்டி போட்டிருந்தால் பல உலாவிகள் தாங்களாகவே தடுத்துவிடும். சாதாரண உரைப் பெட்டியாக்கி, கைபேசியில் எந்த விசைப்பலகை வர வேண்டும் என்ற குறிப்பை மட்டும் மின்னஞ்சலுக்கு வையுங்கள்.

பதில்: படிவப்பணி

ரொம்ப நன்றி. அவரிடம் கேட்டேன், உண்மையான முகவரிதானாம். ரெகெக்ஸை மாற்றிவிட்டேன். இப்போது வேறு சிக்கல்: சாய்கோடு இல்லாத ஹோசே ஏற்கெனவே உறுப்பினர். இவரைச் சேர்க்கப் போனால் 'முகவரி ஏற்கெனவே உள்ளது' என்று தரவுத்தளம் மறுக்கிறது. நான் எதையும் நீக்கவில்லையே?

பதில்: அஞ்சல்தடம்

நீக்கியது கொலேஷன், அதாவது எந்த எழுத்துகளை ஒன்றென்று கொள்வது என்ற தரவுத்தளத்தின் ஒப்பீட்டு விதி. மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்புக் கொலேஷன் பெயரின் கடைசியில் 'ஏஐ, சிஐ' என்று இருக்கும். ஒலிக்குறியையும் பெரிய, சிறிய எழுத்தையும் கண்டுகொள்ளாது என்று பொருள். ஆட்களின் பெயரைத் தேட நல்லது, முகவரிக்கு ஆபத்து. முகவரிப் பத்தியைப் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் பைனரிக் கொலேஷனுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்தை மட்டும் சிறிதாக்கி, டொமைனைப் ப்யூனிகோடாக்கி, ஒப்பிடுவதற்கென்று இன்னொரு பத்தி வையுங்கள். ஒரே முகவரி இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு அதன்மேல் இருக்கட்டும்.

பதில்: பூட்டுச்சாவி

இதோடு கடவுச்சொல் மீட்பையும் பாருங்கள். 2019 டிசம்பரில் ஜாங்கோ என்ற வலைத்தளச் சட்டகம் இந்த வகை ஓட்டை ஒன்றை அடைத்தது. துருக்கி மொழியில் புள்ளியில்லாத 'ஐ' உண்டு; அதைப் பெரிய எழுத்தாக்கினால் ஆங்கிலப் பெரிய 'ஐ'யே வரும். அந்த எழுத்தை வைத்துத் தனக்கென ஒரு முகவரி வாங்கியவர், மீட்புப் படிவத்தில் அதைத் தட்டுகிறார். பெரிய, சிறிய எழுத்தைக் கண்டுகொள்ளாத தேடல் அதை வேறொருவரின் கணக்கோடு பொருத்துகிறது, இணைப்போ தட்டிய முகவரிக்குப் போகிறது. கணக்கு போயே போச்சு. மீட்பு அஞ்சல் எப்போதும் தரவுத்தளத்தில் இருக்கும் முகவரிக்கே போக வேண்டும். படிவத்தில் தட்டியதைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

பதில்: படிவப்பணி

மீட்பில் தட்டிய முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, மாற்றிவிட்டோம். கொலேஷனும் மாற்றியாயிற்று, இரண்டு ஹோசேயும் இப்போது தனித்தனி உறுப்பினர்கள். உறுதிப்படுத்தும் அஞ்சல் இவருக்குப் போய்ச் சேர்ந்தது. செய்திமடல் அனுப்பும் வெளிச் சேவை மட்டும் இவர் முகவரியை ஏற்க மறுக்கிறது.

பதில்: அஞ்சல்தடம்

அது உங்கள் கையில் இல்லை. விருப்பப்பட்டால் ஆஸ்கி முகவரி ஒன்றையும் தரலாம் என்று சுயவிவரத்தில் இன்னொரு பெட்டி வையுங்கள், கட்டாயமாக்க வேண்டாம். செய்திமடல் அதற்குப் போகட்டும். உள்நுழைவும் மீட்பும் அவருடைய சொந்த முகவரியிலேயே இருக்கட்டும். அந்தச் சேவைக்கு மறுப்புப் பதிவை இணைத்து ஒரு புகார் போடுங்கள். யாரும் கேட்காததால்தான் பல இடங்களில் இது இன்னும் அப்படியே கிடக்கிறது.