கோட்டை கட்டும் கொத்தனாருக்கு என்ன வசனம் வைக்கலாம்?

அகழிமுதலை (சத்துவாச்சாரி)

என் சித்தி பையன் ஒரு சின்ன ஸ்ட்ராட்டஜி கேம் செய்கிறான். நம்ம வேலூர் கோட்டை மாதிரி கருங்கல் சுவர், சுற்றி அகழி. படம், புரோகிராம் எல்லாம் அவன் பாடு. கொத்தனார், சித்தாள், அகழி வெட்டுபவர் மூவருக்கும் வசனம் எழுதி ரெக்கார்ட் செய்வது என் தலையில் விழுந்திருக்கிறது.

என் மனதில் இருப்பது வார்கிராஃப்ட் 3 என்ற கம்ப்யூட்டர் கேம், 2002 இல் வந்தது. அதில் வேலைக்கார ஓர்க் (ஓர்க் என்றால் அரக்கர் மாதிரி ஒரு இனம்) 'வேலை, வேலை' என்று சலித்துக்கொண்டே போவான். சும்மா அவனை மவுஸால் தட்டிக்கொண்டே இருந்தால் 'விளையாட நேரமில்லை' என்பான், அப்புறம் 'நான் அந்த மாதிரி ஓர்க் இல்லை' என்பான். (வார்கிராஃப்ட் 2 இல் ஆட்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் வெடித்துவிடும். அது வேறு கொடுமை.) இதை நம்ம பேச்சில் கொண்டுவர வேண்டும். 'இன்னா சார், சும்மா சும்மா தட்டிகினு கீற' என்று ஒன்று எழுதினேன். முதலில் சிரித்த பையன், பத்தாவது தடவை ஸ்பீக்கரையே அணைத்துவிட்டான். அலுக்காமல் எழுதுவது எப்படி?

குடியாத்தம்_பிரவுசிங்

தம்பி, குடியாத்தத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். நெட் பார்க்க வந்தவர்களை விட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட வந்த பசங்கதான் அதிகம். ஒரே சத்தத்தை நாள் முழுக்கக் கேட்ட காது இது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அந்தக் குரல் சிரிக்க வைப்பதற்காக வந்ததில்லை. ஆளைத் தட்டினால் உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று ஆடுபவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். அதனால் சாதாரணத் தட்டலுக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். ஏஜ் 2 இல் ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவனவன் பழைய பாஷையில் எதையோ முணுமுணுத்துவிட்டு மரம் வெட்டப் போவான். ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, அதனால் ஒருத்தருக்கும் சலிக்கவும் இல்லை. நகைச்சுவையை வேண்டுமென்றே நோண்டுகிறவனுக்கு மட்டும் ஒளித்து வை. நீ எழுதிய வரி நல்ல வரிதான். ஆனால் அது ஐந்தாவது தட்டலுக்கு உரியது.

இன்னொன்று, ராஜா, தளபதி பேசும் ஜோக் எதுவும் எங்கள் கடையில் நிற்கவில்லை. கூலியாள் பேசியதுதான் நின்றது. 2003 இல் வந்த ஜெனரல்ஸ் கேமில் ஜிஎல்ஏ என்ற அணியின் வேலையாள் 'எனக்குச் செருப்பு கிடைக்குமா' என்று கேட்பான். அதற்கு அடுத்து வந்த 'ஜீரோ ஹவர்' என்ற கூடுதல் பாகத்தில் நிஜமாகவே காசு செலவழித்து அவனுக்குச் செருப்பு வாங்கித் தரலாம். வாங்கித் தந்தால் வேகமாக நடப்பான். இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்குக்கூட அந்தக் கெஞ்சல் புரிந்தது.

ஏஜ் 2 இல் கேலிச் சத்தங்களும் உண்டு. சாட்டில் எண் அடித்தால் ஒலிக்கும், 11 அடித்தால் சிரிப்பு. டான்ட் என்ற ஃபோல்டரில் எல்லாம் வெறும் எம்பி3 ஆக இருக்கும், பெயரின் முன்னால் அந்த எண். பசங்க ஹெட்செட் மைக்கில் பேசி, புது எண் போட்டு, எல்லா மெஷினிலும் காப்பி செய்துவிட்டார்கள். ஃபைல் இல்லாத மெஷினில் சத்தம் வராது, அதனால் எல்லாவற்றிலும் போட்டாக வேண்டும். 'விறகு குடுறா, கஞ்சப் பையா' எல்லாம் ஒரு வாரத்தில் செத்துப்போச்சு. மீசை அரும்புகிற வயதில் ஒருத்தன், குரல் கீச்சென்று உடையும். அவன் பதறிப்போய் 'நைனா வந்துகினு கீறாரு!' என்று பேசியது மட்டும் கடை மூடும்வரை ஓடியது. அது கேட்டால் எல்லாத் தலையும் வாசலைப் பார்க்கும். அந்த நேரத்தில் குதிரைப்படையை அனுப்பிவிடுவான்.

ராணிப்பேட்டை_ரைடர்

நைனா நிஜமாவே வந்தாரா இல்லையா?

குடியாத்தம்_பிரவுசிங்

வராம? இன்னாத்துக்கு கேக்குற?

ராத்திரி_ஷிப்ட் (தோட்டப்பாளையம்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்து பாதிதான், மீதி குரல். டன்ஜன் கீப்பர் 2 (1999) ஆடியிருக்கிறீர்களா? பாதாளத்தில் பூதங்களை வைத்து மேய்க்கும் ஆட்டம். அறிவிப்பாளர் கட்டைக் குரலில், யாரோ செத்த மாதிரியான கம்பீரத்தில் பேசுவார். நள்ளிரவு தாண்டியும் ஆடினால், உங்கள் விடாமுயற்சிக்கு ஒரு ரகசியக் குறிப்பு தருகிறேன் என்று இழுத்துவிட்டு, 'போய்ப் படு' என்பார். குரலில் துளி சிரிப்பு இருந்தாலும் அந்த இடம் கெட்டிருக்கும்.

பேசியவர் ரிச்சர்ட் ரைடிங்ஸ். அவரேதான் பெப்பா பிக் கார்ட்டூனில் அப்பா பன்றிக்கும் குரல். என் பெண் காலையில் டிவி போட்டதும் எனக்கு யாரோ பாதாளத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

அதனால் மிமிக்ரி தெரிந்தவரைக் கூப்பிடாதே தம்பி. ஜோக்கே அடிக்காத ஒருத்தரைப் பேசவை.

ராணிப்பேட்டை_ரைடர்

ஏஜ் 2 இல் 2022 இல் திராவிடர் வந்தாச்சு, அவங்க தமிழ்லதான் பேசுவாங்க. ராஜேந்திர சோழன் கதையும் இருக்கு. ஒரு தரம் கேட்டுட்டு எழுது, அதே மாதிரி ஆகிடாம இருக்கும்.

அகழிமுதலை (சத்துவாச்சாரி)

ராத்திரி_ஷிப்ட் அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். அங்கே இருக்கிற மேஸ்திரி சிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, எழுதிய தாளை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு 'மேஸ்திரி இப்படியெல்லாம் பேசமாட்டான் சார்' என்றார். அப்ப எப்படி என்று கேட்டேன். மொபைலில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

'சொல்லு சார்.' 'ஆவும்.' 'கல்லு எங்க?' இது மூன்றும் சாதாரணத் தட்டலுக்கு. நோண்டினால்: 'மட்டம் பாத்துகினு கீறேன், தள்ளு.' இன்னும் நோண்டினால்: 'நீயே கட்டிக்க சார்.'

கடைசியைச் சொல்லிவிட்டு நிஜமாகவே எழுந்து போய்விட்டார். டீ கிளாஸ் வைக்கும் சத்தமும் பதிவாகியிருக்கிறது, அதையும் விட்டுவிடலாமா அண்ணா?

குடியாத்தம்_பிரவுசிங்

விடு, விடு. ஆனா ஒவ்வொரு ஃபைலிலும் முன்னாடி இருக்கிற மௌனத்தை வெட்டிடு. தட்டின உடனே சத்தம் வரலைன்னா ஆடுறவன் இன்னொரு தடவை தட்டுவான், மேஸ்திரி சீக்கிரமே எழுந்து போயிடுவார்.