புதுப்பிப்பு: அம்மாவின் அக்கி இப்போது எப்படி இருக்கிறது

அம்மாவுக்கு இடுப்பில் அக்கி வந்திருக்கிறது, எரிச்சல் தணிய வீட்டில் என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டன.

அதிகம் உதவியது ஈரத்துணிதான். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் போடுவோம். வேலூர் வெயிலில் அம்மாவைத் தூங்கவைத்தது அதுதான். அப்புறம் கேலமைன் லோஷன் தடவினோம். குடியாத்தம் பெரியம்மா, குயவரிடம் போய் கொப்புளங்கள் மேல் காவியால் 'அக்கி எழுத'ச் சொன்னார். கொப்புளம் உடைந்திருந்ததால் நான் சம்மதிக்கவில்லை.

ஆனால் இவை எரிச்சலுக்குத்தான்; அக்கியை உண்டாக்கும் வைரஸை அடக்க மாத்திரை வேண்டும். அசைக்ளோவிர் என்ற அந்த மாத்திரையை, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நாங்கள் இரண்டாம் நாளே டாக்டரைப் பார்த்துவிட்டோம். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

இடுப்பில் இன்னும் சுருக்கென்று குத்துகிறதாம். வெள்ளிக்கிழமை மறுபடி காட்டப் போகிறோம்.