சீனப் பயணம்: தண்ணீர் இல்லாத கழிப்பறைகளில் அம்மா எப்படிச் சமாளிப்பார்?

கேள்வி: தண்டையார்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். சீனாவில் ஷென்சென் நகரத்தில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். அங்கே போன பிறகு குவாங்சோவுக்கும் குய்லினுக்கும் ரயிலில் கூட்டிப் போவதாகத் தம்பி சொல்கிறான். அம்மாவுக்கு வயது 66. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முழங்காலில் பெரிய தொந்தரவு இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு வாளியும் மக்கும்.

சீனாவில் பொது இடங்களில் பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிப்பறைகளே இருக்கும் என்று கேட்டதும் அம்மா முதலில் நிம்மதியடைந்தார். உள்ளே கால் கழுவத் தண்ணீர் இருக்காது என்று தெரிந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. காகிதத்தால் துடைத்துக்கொண்டு நாள் முழுக்க எப்படி இருப்பது, அந்த உடம்போடு எப்படிச் சாமி கும்பிடுவது என்று கேட்கிறார். தம்பியின் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, ஆனால் அதிலும் குழாய் இல்லை. வெளியே கிளம்பும் நாட்களில் தண்ணீரே குடிக்கப் போவதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: காசிமேடு மாலுமி

சகோதரிக்கு வணக்கம். நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பி இருக்கும் ஷென்செனில் உள்ள யான்தியன் துறைமுகத்துக்குப் பல முறை போயிருக்கிறேன். உங்கள் அம்மாவின் கேள்வி மிகவும் நியாயமானது. உட்காரும் முறை அவருக்குக் கைவந்தது, ஆகவே தண்ணீருக்கு மட்டும் நாம் ஏற்பாடு செய்தால் போதும்.

வாய் குறுகலாகவும் வளைந்தும் இருக்கும் பிளாஸ்டிக் பிடெட் பாட்டில் ஒன்று இணையக் கடைகளில் கிடைக்கிறது. அழுத்தினால் மெல்லிய பீச்சாகத் தண்ணீர் வரும். அது கிடைக்காவிட்டால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். அதே வேலையைச் செய்யும். பீச்சாக வரும்போது அரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரே தாராளமாகப் போதும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, நாள் முழுவதற்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்த நம் பகுதிப் பெண்களுக்கு இந்தச் சிக்கனத்தை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. காலிப் பாட்டிலாக இருந்தால் விமான நிலையச் சோதனையில் தடையில்லை. 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு உள்ளே இருக்கும் திரவத்துக்குத்தான்.

சீனாவில் பொதுக் கழிப்பறையின் கை கழுவும் தொட்டி அறைகளுக்கு வெளியே இருக்கும். உள்ளே போவதற்கு முன்பே அங்கே பாட்டிலை நிரப்பிக்கொள்ள வேண்டும். ரயில் நிலையங்களில் குடிநீருக்கென்று வைத்திருக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் கொதிநீர் வரும், அதிலிருந்து இதற்குப் பிடிக்கக் கூடாது. டிஷ்யூவையும் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் நுழைவாயிலில் பொதுவாக ஒரே ஒரு சுருள் மாட்டியிருப்பார்கள், பல இடங்களில் அதுவும் இருக்காது. கழுவிய பிறகு ஈரத்தைத் துடைக்க இரண்டு தாள் வேண்டும் என்பதால், கைப்பையில் எப்போதும் ஒரு சிறு பொட்டலம் இருக்கட்டும். துடைத்த தாளைப் பீங்கானுக்குள் போடாமல் பக்கத்தில் உள்ள கூடையில் போடுவதே அங்கே பல இடங்களில் வழக்கம். பழைய குழாய்கள் தாளைத் தாங்காமல் அடைத்துக்கொள்ளும். வாசனை ஈரத்தாள்களை எந்த நாட்டிலும் உள்ளே போடாதீர்கள், அவை கரைவதே இல்லை. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையை ஏறக்குறைய 130 டன் எடையுள்ள ஒரு கட்டி அடைத்தது; சமையல் கொழுப்போடு இப்படிப்பட்ட தாள்கள் சேர்ந்து இறுகியதுதான் அது.

இன்னும் ஒன்று. நம் ஊர்ப் பீங்கானில் இருப்பதுபோல் உயர்த்திய கால் மேடை எல்லா இடத்திலும் இருக்காது. தரையோடு தரையாகப் பதித்திருப்பார்கள், ஈரமாகவும் இருக்கும். பிடிமானம் உள்ள செருப்பு அவசியம். கதவில் கொக்கி இருக்கும் என்று நம்பிப் போகாமல், பையைக் குறுக்காக மாட்டி முன்பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புடவையை விட சுடிதார் அங்கே எளிது என்பது என் மனைவியின் கருத்து, ஆனால் அது அம்மாவின் விருப்பம். 2015-இல் சீன அரசு சுற்றுலா இடங்களின் கழிப்பறைகளைச் சீரமைக்கும் பெரிய திட்டத்தைத் தொடங்கிய பிறகு பெருநகரங்களில் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. வழியில் உள்ள சிறிய ஊர்களில்தான் கதவு இல்லாத பழைய வகை இன்னும் தென்படலாம்; அங்கே நீங்கள் முன்னால் நின்று மறைத்துக்கொண்டால் அம்மாவுக்குத் தைரியமாக இருக்கும்.

பதில்: ராயபுரம் செவிலியர்

ஐயா சொன்னவற்றோடு உடம்பைப் பற்றியும் சில செய்திகள் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்ற அந்த முடிவை எப்படியாவது மாற்றிவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, திரும்பி வந்ததும் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக வரும் வயதான பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கலும் கூடவே வரும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் வகை. அம்மாவின் மாத்திரை அந்த வகையா என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பாட்டிலால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும், துடைப்பதும் அப்படியே. பீச்சு தண்ணீர் என்பதால் சிலர் பின்னாலிருந்து முன்னால் அடித்துவிடுகிறார்கள், அது கிருமியைச் சிறுநீர்ப் பாதைக்குக் கொண்டுபோய்விடும்.

கைக்குச் சானிடைசர் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பயணிகளுக்கு வாந்தியும் பேதியும் வரவைக்கும் நோரோவைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுவதுதான் நம்பகமானது. சில கழிப்பறைகளில் சோப்பு இருக்காது என்பதால், தாள் தாளாகக் கிழித்துப் பயன்படுத்தும் காகித சோப்பை எடுத்துப் போங்கள்.

தம்பியின் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் மலம் எளிதாக இறங்கவில்லை என்று அம்மா சொன்னால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை வளையம் முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அது தளர்ந்து பாதை நேராகிறது, நாற்காலியில் போல் உட்காரும்போது அந்த அளவுக்கு நேராவதில்லை. பாதத்துக்குக் கீழே சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலி ஒன்றை வைத்து, சற்று முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பழக்கத்தால் வெஸ்டர்ன் பீங்கானின் மேல் ஏறிக் குந்த மட்டும் விடவே கூடாது. அது உடைந்தால் ஏற்படும் வெட்டுக் காயம் மிக ஆழமாக இருக்கும். குந்தியிருந்து எழும்போது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழ வேண்டும்.

பதில்: மண்ணடி தன்னார்வலர்

ஹஜ்ஜுக்குப் போகும் பெரியவர்களுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். மக்காவுக்கு அருகே ஹாஜிகள் தங்கும் மினா கூடாரங்களில் பெரும்பாலும் குந்தும் வகைதான், தண்ணீர்க் குழாயும் உண்டு. அங்கே நெரிசலும் வரிசையும்தான் சிரமம். தண்ணீரால் சுத்தம் செய்வது எங்களுக்கும் முக்கியம் என்பதால், மற்ற நாடுகளில் தங்கிப் போகிறவர்களுக்குப் பாட்டில் முறையையே சொல்லித் தருகிறோம். நான் கண்டவரை மிகவும் உதவுவது வீட்டுப் பயிற்சி. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே வாளியையும் மக்கையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பாட்டிலை மட்டும் அம்மா பயன்படுத்தட்டும். எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பது கைக்குப் பழகிவிட்டால் அந்நிய இடத்தில் பதற்றம் வராது. வரிசை பெரிதாகும் முன்பே, தேவை தோன்றாவிட்டாலும் ஒரு முறை போய் வந்துவிடுவதும் நல்லது.

தண்டையார்பேட்டை மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் குடிப்பதாக ஒப்புக்கொண்டார். மண்ணடி அண்ணன் சொன்ன பயிற்சியை நாளைக் காலை தொடங்குகிறோம். மாலுமி ஐயாவிடம் மேலும் இரண்டு கேள்விகள். விமானத்துக்குள் என்ன செய்வது? தம்பியின் வீட்டில் இங்கிருந்து ஹெல்த் ஃபாசெட் வாங்கிப் போய் மாட்ட முடியுமா?

பதில்: காசிமேடு மாலுமி

விமானக் கழிப்பறையில் கை கழுவும் சிறு தொட்டி உள்ளேயே இருப்பதால் பாட்டிலை அங்கே நிரப்பலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் கூடாது. அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவ வடிகால் கிடையாது. ஆகவே பீச்சை மெதுவாக அழுத்தி, தரையில் சிந்தியதைத் தாளால் துடைத்துவிட்டு வர வேண்டும். காற்றால் உறிஞ்சும் அமைப்பு என்பதால் கப்பலைப் போலவே அங்கேயும் கழிவோடு கழிப்பறைத் தாள் மட்டுமே போகலாம், மற்றவை குப்பைத் தொட்டிக்கு. கோலாலம்பூர் நிலையத்தில் கவலையே வேண்டாம், மலேசியாவில் கழிப்பறைக்குள் கைக்குழாய் இருப்பது பொதுவான வழக்கம்.

ஹெல்த் ஃபாசெட்டைத் தாராளமாக மாட்டலாம். ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு டி இணைப்பைப் போட்டு அதிலிருந்து குழாயை எடுக்க வேண்டும். நம் ஊரில் போலவே அங்கேயும் அரை அங்குல அளவுதான் வழக்கம். இருந்தாலும் தம்பியை அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பாரிமுனைப் பக்கத்துச் சானிட்டரி கடையில் காட்டி வாங்குங்கள். தனியாக மூடித் திறக்கும் வால்வு உள்ள டி இணைப்பாகக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த வால்வை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் தாங்காமல் என்றாவது குழாய் வெடித்துக் கீழ் வீடு வரை நனையும். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.